வடிவின் தாடையில் ஊதிய சங்கு

ஷிப்டுக்கு ஊதுகிற மில் சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் மில் காலனி ஆட்கள் பழைய ஷிப்ட் நேரத்துக்கே எழுந்தார்கள், பழைய ஷிப்ட் நேரத்துக்கே குளித்தார்கள், தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து வைத்தார்கள், அதற்கப்புறம் போக இடமில்லாமல் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்துக் கண்ணுதான் பூத்தது. அந்தக் காலனியில் பிறந்தவள்தான் சண்முகவடிவு. வடிவு என்று கூப்பிடுவார்கள். மில் மூடின வருஷம் அவள் பத்தாவது படித்தாள், பரீட்சைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். ஏன் நின்றாய் என்று டீச்சர் கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றாள். பொய் சொல்லாதே என்றார் டீச்சர். அவள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பிடிக்கவில்லை.

அவளுடைய அப்பா மாசானம் ஸ்பின்னிங் பகுதியில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு காலத்தில் அவர் விசிலடித்தால் ஒரு லைன் பெண்கள் முழுக்கத் திரும்பிப் பார்ப்பார்கள், இப்போது வீட்டுப் பூனைகூடத் திரும்பவில்லை. மில் மூடினதிலிருந்து அவர் தூங்கவும் இல்லை. ஷிப்ட் முடிந்தால்தானே தூக்கம், முடிந்தது என்று சொல்லச் சங்கு இல்லை, ஆகவே அவருக்கு அந்தக் கடைசி ஷிப்ட் முடியவே இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் நூல் சுற்றுகிற கதிர்கள் ஓடுவதுபோல ஒரு கண் இந்தப் பக்கமும் ஒரு கண் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தார். சோறு வைத்தால் தின்பார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். கீழே பாயில் படுத்திருந்த வடிவு அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பல்லைக் கடித்தாள், தூக்கத்திலும் கடித்தாள், அடுத்த வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, “யாருட்டி அது பொரிகடலை திங்கது?” என்று கேட்கிற அளவுக்குக் கடித்தாள்.

ஒரு நாள் காலையில் இட்லியை வாய்க்குக் கொண்டுபோனால் வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். அதற்கு மேல் திறந்தால் காதுக்கு முன்னால் கடக் என்று ஒரு சத்தம் வரும், தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போகும், வலி காதுக்குள் ஏறி நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொள்ளும். பல் டாக்டர் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், வலி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. மாடன் கோவில் பூசாரி கயிறு கட்டினார், கயிறு அழுக்கானது. அம்மா பிரமு எல்லாவற்றையும் கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தாள். வடிவுக்குக் கஞ்சி மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டில் கொய்யாக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி விற்கிற கிழவியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு எச்சில் ஊறி, அந்த எச்சிலை விழுங்கவும் தாடை வலித்தது.

சித்திரை கடைசியில் ஓசூர் செல்போன் கம்பெனி வேன் வரும், பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். வடிவும் அவளுடைய கூட்டாளி எஸ்தரும் பேர் கொடுத்திருந்தார்கள். “வாய் கோணலா இருந்தா எடுக்க மாட்டாவளாம்டீ, சொல்லிட்டேன்” என்றாள் எஸ்தர். அதற்காகத்தான் வடிவு சொடக்கு டாக்டரிடம் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை மாடியில் இருந்தார் அவர். பேர் சற்குணம். முதுகு, கழுத்து, இடுப்பு எதுவானாலும் ஊசி மருந்து இல்லாமல் கையாலேயே சரிபண்ணுகிறவர். போர்டில் கைரோபிராக்டிக் என்று எழுதியிருக்கும், அதை ஒருத்தரும் முழுசாக வாசித்ததில்லை, ஊருக்கு அவர் சொடக்கு டாக்டர்தான்.

“வாயத் தொறம்மா.”

“இம்புட்டுத்தான் தொறக்கும்.”

“சரி, மூடு. மறுபடி தொற. மெதுவா.” இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காட்டினார். “பாத்தியா, நேரா எறங்காம இடப்பக்கம் போயிட்டு வருது. இந்த மூட்டுக்குள்ள ஒரு மெத்தை மாதிரி இருக்கும், அது எடம் மாறிக் கெடக்கு. கழுத்தும் எறுகிப் போயிருக்கு. ராத்திரி பல்லக் கடிப்பியோ?”

“எங்க வீட்டுல வந்து படுத்துப் பாருங்க, நீங்களும் கடிப்பீங்க.”

அவர் சிரித்தார். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் காட்டி, இந்த மூன்றும் வலிக்காமல் வாய்க்குள் போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம், அதுவரைக்கும் பலதடவை வரவேண்டியிருக்கும், ஒரே நாளில் ஆகிற காரியமில்லை என்றார். கன்னத்தில் கைவைத்து உட்காராதே, அகலமாகக் கொட்டாவி விடாதே, கெட்டியான எதையும் கடிக்காதே, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து மூடிப் பழகு என்றார். அப்புறம் அவளைப் படுக்கவைத்துக் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார், கையுறை மாட்டிக்கொண்டு கட்டை விரலைக் கீழ்க் கடைவாய்ப்பல் மேல் வைத்து, தாடையைக் கீழேயும் முன்னேயும் பதனமாக அமுக்கி இழுத்தார்.

கடக்.

அப்போது மதிய ஷிப்டுக்கு ஆள் மாறுகிற நேரம். வடிவின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது, திறந்த வாயிலிருந்து மில் சங்கு ஊதியது. மில் சங்கு மாதிரி ஏதோ ஒன்று ஊதவில்லை, மில் சங்கேதான், முதலில் மூச்சிழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் மெல்ல ஏறி, ஏறி, உச்சியில் நின்று, நிற்கும்போது லேசாக நடுங்கி, கடைசியில் பிரியமில்லாமல் இறங்குகிற அதே சங்கு. மேஜை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் அதிர்ந்தது. கீழே பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த காலனி ஆட்கள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த சீட்டை ஜேபியில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள், சலூன் நாற்காலியில் பாதிக் கன்னம் மழித்திருந்த ஒருத்தர் சோப்பு நுரையோடு எழுந்தார், எழுந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளாமல் மில்லைப் பார்த்து நடந்தார்கள்.

மில் கேட்டில் சப்பாணி என்ற வாட்ச்மேன் இருந்தான். உள்ளே காவல் காக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் இருந்தான். சங்கு கேட்டதும் கேட்டைத் திறந்துவிட்டான். ஏன் திறந்தாய் என்று பின்னால் யாரோ கேட்டதற்கு, “சங்கு ஊதுனா கேட்டத் தொறக்கணும். அதுக்கு மேல ரோசிக்கது என் வேல இல்ல” என்றான்.

உள்ளே மெஷின் எதுவும் கிடையாது, எல்லாம் போய்விட்டது, கழற்றின இடத்தில் தரையில் போல்ட்டுக் குழிகளும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. அந்தக் கறைகளை வைத்து அவரவர் மெஷினை அவரவர் கண்டுபிடித்து நின்றுகொண்டார்கள். பெண்கள் லைனுக்கு நடுவே நடந்து இல்லாத நூல் அறுந்தால் இல்லாத நூலை இரண்டு விரலால் திரித்து முடிந்தார்கள். மாசானம் மேஸ்திரி பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்தார், ஒருத்தியை, “ஏட்டி, பேச்சக் கொறச்சுக் கண்ண வேலைல வையி” என்று அதட்டினார். இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்தார், வேட்டி மாற்றினார், படுத்தார், குறட்டை விட்டார். குறட்டைச் சத்தம் கேட்டுப் பிரமு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். காலனியில் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. மில்லில் வருகை குறிக்கிற டைம் ஆபீஸில் இருந்த வேதமணி அண்ணாச்சி மறுநாளே கைக்கடிகாரத்தோடு வந்துவிட்டார். “ஏட்டி வடிவு, காலைல ரெண்டு நிமிசம் பிந்திட்ட. பெரிய மில்லு சங்கு பிந்துனதா சரித்திரமே கெடையாது. நேரத்தோட படு, நேரத்தோட எந்தி, என்ன?” என்றார். மில் ஆட்களுக்குக் கொடுக்கிற மாதிரி அவளுக்கும் ஒரு பித்தளை டோக்கன் கொண்டுவந்து கொடுத்தார், தூசி தட்டி, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று.

சங்கு தினமும் காலை, மதியம், இரவு ஊதியது, ஊதின ஊதலில் காலனி பழையபடி ஓட ஆரம்பித்தது. பால்காரன் அதை வைத்துப் பால் ஊற்றினான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வைத்துத் தலைசீவின, பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சங்குக்கு முன்னால் முடிக்கப் பழகிக்கொண்டார், மாடன் கோவில் பூசாரி சங்குக்கு அப்புறம் தீபாராதனை என்று மாற்றிக்கொண்டார். ஷிப்ட் நேரம் நெருங்கினால் வடிவிடம் ஒருத்தரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், பதில் சொல்கிற சமயத்தில் சங்கு வந்துவிட்டால் என்ன செய்வது. தாடை வலிக்கிற பெண்கள் பலபேர் சொடக்கு டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டினார்கள், தங்களுக்கும் ஏதாவது ஊதுமா என்று. ஊதவில்லை, வலி குறைந்ததோடு சரி, ஏமாற்றத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். வடிவைப் பெண் கேட்டு வந்த ஒரு வீட்டுக்காரர்கள் கேசரி தின்றுகொண்டிருக்கும்போது மதியச் சங்கு ஊதியது. “பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா எங்க வீட்டுல எல்லாருக்கும் மத்தியானம் தூங்கிப் பழக்கம்” என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். எஸ்தர் மட்டும் அவளை, “ஏ சங்கு, தண்ணி எடுக்க வாறியா?” என்று கூப்பிட்டாள். வடிவு ஒரு விரல் அளவே திறக்கிற வாய்க்குள்ளிருந்து அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்ததில் வடிவுக்குக் காது வலித்தது.

வலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை ஊதும்போதும் தாடை கடக்கென்று இடது பக்கம் நழுவும், வாய் ஊளையிடுகிற நாய் மாதிரி அண்ணாந்து திறந்துகொள்ளும், சங்கு முடிகிறவரைக்கும் மூட முடியாது, முடிந்தபின் அடுத்த சங்குவரைக்கும் பொட்டில் சம்மட்டி அடிக்கும். அவள் வலியோடேயே இருந்துவிடுகிற ஆள் இல்லை, ஆகவே டாக்டரிடம் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். அவர் கைவைக்க வைக்க வாய் திறந்து வந்தது. ஒரு விரல் ஒன்றரை விரலாயிற்று, ஒன்றரை இரண்டாயிற்று. சங்கு இளைத்துக்கொண்டே வந்தது.

கடைசி லைன் வீடுகளுக்குச் சங்கு கேட்காமல் போன அன்றைக்கு அவர்கள் எல்லாரும் வேலைக்குப் பிந்திவிட்டார்கள். வேதமணி அண்ணாச்சி அவர்களைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். பெரிய மில்லில் பிந்தினவர்களை உள்ளே விட்டதாகவும் சரித்திரம் கிடையாதாம். திரும்பி வந்தவர்களில் ஒருத்தர் வீட்டுக்குப் போகவில்லை, ரயில்வே கேட் பக்கம் போனார். நல்லவேளை, யாரோ பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேதமணி வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. “நான் ஒண்ணும் சொல்லல பிரமு. அந்த டாக்டரு நல்ல மனுசன்தான். நல்லா ஆக்கிருவாரு போல. அதான் பயமா இருக்கு.”

பிரமு கஞ்சியை ஆற்றிக்கொண்டே மகளிடம் சொன்னாள்: “இன்னைக்கு ஒங்கப்பா சோறு கேட்டாருட்டி.”

வடிவு நெற்றிப்பொட்டை அமுக்கிக்கொண்டாள்.

“வாயத் தொறந்து கேட்டாரு. கொழம்புல உப்புக் கொறச்சலுன்னு சொன்னாரு. எத்தன வருசமாச்சு, அந்த மனுசன் உப்புக் கொறச்சலுன்னு சொல்லி.”

“எனக்குக் காது வலிக்கும்மா.”

“தெரியும்.”

“தெரியும்னா?”

“தெரியும்ட்டீ. வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?”

வடிவு டாக்டரிடம் போவதை நிறுத்தினாள். இரண்டு விரல் ஒன்றரையாயிற்று, ஒன்றரை ஒன்றாயிற்று, சங்கு பழைய கொழுப்போடு ஊதியது, கடைசி லைனுக்கும் கேட்டது, பக்கத்து ஊருக்கும் கேட்டது. வேன் வருகிற நாள் நெருங்கியது. எஸ்தர் பை வாங்கினாள், புதுச் செருப்பு வாங்கினாள், “நீ வரலன்னா நான் யாரு பக்கத்துலட்டி படுப்பேன்?” என்றாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் வடிவுக்கு அழுகை வந்தது.

வேனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் யாரிடமும் சொல்லாமல் செல்போன் கடை மாடி ஏறினாள். சற்குணம் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரியும், அவர் காதிலும் சங்கு விழுந்துகொண்டுதானே இருந்தது.

“இத நிறுத்திட்டா அவங்க என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியலம்மா” என்றார். “நான் படிச்சதுல அது இல்ல. எனக்கு மூட்டுதான் தெரியும்.”

“மூட்டப் பாருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் வெகுநேரம் வேலைசெய்தார். கன்னத்துச் சதையை வெளியேயும் உள்ளேயும் அமுக்கி இளக்கினார், கழுத்தைத் திருப்பினார், தாடையை ஏந்தி, ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி அதன் குழியில் கொண்டுபோய் விட்டார். சத்தமே வரவில்லை. வடிவு மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைத்தாள். போனது. வலிக்கவில்லை. கண்ணாடியில் தாடை நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கி நேராக ஏறியது. “ஆ” என்று சொல்லிப் பார்த்தாள், ஆ என்று மட்டும்தான் கேட்டது. இறங்கி வந்து கிழவியிடம் ஒரு கொய்யாக்காய் வாங்கினாள். கீறாமல், முழுசாக. நாளைக்கு வேனில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம், ஊர் தாண்டினதும் கடிக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு இரவுச் சங்கு ஊதவில்லை. மதிய ஷிப்ட்காரர்கள் மில்லுக்குள்ளேயே விடியவிடிய நின்றார்கள், சங்கு ஊதாமல் எப்படி வீட்டுக்கு வருவது.

காலையில் காலனி வாசல் எல்லாவற்றிலும் ஆட்கள் நின்றார்கள். காலை ஷிப்டுக்காரர்கள் காக்கிச் சட்டை போட்டு, தூக்குச்சட்டியைக் கையில் பிடித்து, முகத்தை வடிவு வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், அவளுக்கு அது ஒன்றும் கஷ்டம் இல்லை. மில்லில் இரவெல்லாம் நின்ற மாசானம் மேஸ்திரியை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வரமாட்டேன் என்றாராம், காலைச் சங்குக்கு வீட்டிலிருந்துதான் கிளம்பணும் என்று சொல்லித்தான் கூட்டிவர முடிந்ததாம். வந்தவர் உட்காரக்கூட இல்லை. காக்கிச் சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே போட்டு, தலையைச் சீவி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரோட்டில் வேன் வந்து ஹாரன் அடித்தது. எஸ்தர் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள்.

“வேன் வந்துட்டுப்பா” என்றாள் வடிவு. நேரான வாயால், தெளிவாக.

மாசானம் அவளைப் பார்த்தார், பிறகு கூரை மோட்டைப் பார்த்தார். “இன்னும் நேரம் ஆவல போலிருக்கு” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “ஆவல போலிருக்கு” என்றார் திரும்பவும். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்புறம் கட்டிலில் போய் உட்கார்ந்து, காக்கிச் சட்டையின் பொத்தானைக் கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அதைத்தான் வடிவால் பார்க்க முடியவில்லை, அந்தக் கை அவ்வளவு நிதானமாக இருந்தது. கழற்றி முடித்ததும் கட்டிலிலிருந்து எழுந்து பீரோவுக்கு நடந்தார். பீரோவிலிருந்து கட்டிலுக்கு. கட்டிலிலிருந்து பீரோவுக்கு.

பிரமு மகளைப் பார்க்காமல், “நீ கெளம்புட்டி, வேன் நிக்கி” என்றாள். அவள் அதை மனசோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் கெட்டதாக இருந்தது.

வடிவு பையைத் திறந்து கொய்யாக்காயை எடுத்தாள். வாசல்படியில் நின்று ஒரு கடி கடித்தாள். நறுக்கென்று உடைந்தது, சாறு மோவாயில் வழிந்தது, விதை பல்லில் நெரிந்தது, வலியே இல்லை. எவ்வளவு நாளாயிற்று. முன்பல்லால் ஒரு கடி, வலது பக்கம் ஒரு மெல்லல், மனுசர் எப்படித் தின்பார்களோ அப்படி, சாவகாசமாக. ரோட்டில் இரண்டாவது ஹாரன் அடித்தது. அவள் மிச்சக் கொய்யாவை முழுசாக இடது கடைவாய்க்குள் திணித்தாள். கன்னத்தில் கையை வைத்தாள், வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன அதே மாதிரி, வைத்து, முஷ்டியால் தாடையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே, எவ்வளவு கெட்டியாகக் கடிக்க முடியுமோ அவ்வளவு கெட்டியாகக் கடித்தாள். கொய்யா உடைந்த பிறகும் கடித்தாள். பிறகு துப்பிவிட்டு, அகலமாக, எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக, ஒரு கொட்டாவி விட்டாள்.

கடக்.

மூச்சிழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அப்புறம் மெல்ல ஏறி, ஏறி, உச்சியில் நின்றது.

உள்ளே காலடிச் சத்தம் நின்றது. மாசானம் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வாசலில் வாயைத் திறந்து நின்ற மகளை உரசாமல் ஓரமாக இறங்கிப் போனார். எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள், ரோட்டைக் கடந்து மில்லுக்கு நடந்தார்கள், அவர்கள் கடந்து முடிக்கிறவரைக்கும் ஓசூர் வேன் நகர முடியாமல் நின்றது. அதனால் வடிவு எஸ்தரின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டாள். எஸ்தர் மட்டும்தான் அவளைப் பார்த்தாள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை, அப்பாவும் திரும்பவில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கு ஊதினால் ஆட்கள் வேலைக்கு நடப்பார்கள், சங்கை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.